கடலைப் பார்த்த புள்ளிகள்

குப்பைத் தொட்டிக்கும் விளக்குக் கம்பத்துக்கும் இடையே நீல ரிப்பன் கட்டியிருந்தார்கள். பாதை அங்கேதான் தொடங்குகிறது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. மேடை போட நிழல் அங்கேதான் இருந்தது. ரிப்பனுக்கு அந்தப் பக்கம் லித்தாரி தீவின் புத்தம்புதிய கடலோர நடைபாதை. இந்தப் பக்கம் லித்தாரியின் மக்கள்தொகையில் கால்வாசி, அதாவது ஐம்பது பேர், கோயிலுக்கு மட்டும் எடுக்கும் உடுப்பில். நடுவில் யாக்குமிஸ், அசையாமல். அசைந்தால் புது ஷூ கீச்சிட்டது. நாற்பது வருடம் ரப்பர் பூட்ஸும் வெறுங்காலுமாகப் படகில் கழிந்த கால்கள். தங்களுக்கு என்ன நேர்ந்துவிட்டது என்று அவற்றுக்கு இன்னும் விளங்கவில்லை. தலையில் ஊராட்சி கொடுத்த தொப்பி. அதில் ‘வழிகாட்டி’ என்று வெள்ளை எழுத்து. தொப்பி ஓர் அளவு சிறியது என்பதால் அது அவர் தலையில் இருந்தது என்பதைவிட, தலைமேல் ஏறி உட்கார்ந்திருந்தது என்பதுதான் சரி.

மேடையில் ஊராட்சித் தலைவர் அரிஸ்தீதிஸ் பேசிக்கொண்டிருந்தார். முப்பது வருடம் தபால் நிலையத்தில் முத்திரை குத்தியவர். அந்தப் பழக்கத்தில் பேச்சிலும் ஒவ்வொரு சொல்லையும் குத்திக் குத்தித்தான் வைப்பார்.

“பெருமதிப்பிற்குரிய துணை ஆளுநர் அவர்களே! மூவாயிரம் ஆண்டுகளாக நம் முன்னோர் நடந்து நடந்து தேய்த்த பாறைகள் இவை! இவற்றின் ஒவ்வொரு கல்லையும் பெயர் சொல்லி அழைக்க வல்ல ஒரே மனிதர், இதோ, நம் கேப்டன் யாக்குமிஸ்!”

கைதட்டல். பெரிய தீவிலிருந்து காலைக் கப்பலில் வந்திறங்கிய துணை ஆளுநர், வயிறு முன்னாலும் செயலாளர் பெண் பின்னாலுமாக நின்று, இரண்டு விரலால் தட்டினார். மூன்றாம் வரிசையில் பொலிக்ஸேனி எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தாள். அதுதான் யாக்குமிஸுக்குச் சரியாகப் படவில்லை.

ஈஸ்டர் அன்று, என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று அவளிடம் கேட்டிருந்தார். ஊரே ஆட்டுக்குட்டியைச் சுட்டுக்கொண்டிருந்த புகையில், ஆளுக்கொரு சிவப்பு முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்பது வருடமாக நானும் தனி, ஆறு வருடமாக நீயும் தனி என்று ஆரம்பித்து, கணக்குப் பாடம்போல ஒருவழியாகச் சொல்லி முடித்தார். பொலிக்ஸேனி, ஈஸ்டர் வழக்கப்படி, தன் முட்டையால் அவர் முட்டையை ஒரே தட்டில் உடைத்துவிட்டுச் சொன்னாள்:

“நீ சொல்றதுல பாதி பொய்யி, யாக்குமி. அது ஒண்ணும் குத்தமில்ல. என் வீட்டுக்காரர் முக்கால்வாசி பொய் சொன்னவரு. ஆனா அவர் வாயைத் திறந்தாலே எது பொய்னு எனக்குத் தெரிஞ்சிரும். நிம்மதியா இருந்தேன். உன் விஷயத்துல எது எந்தப் பாதின்னு பிடிபட மாட்டேங்குது. இந்த நடை ஒண்ணு வைக்கிறாங்களாமே, அதுக்கு நானும் வர்றேன். முடியட்டும். அப்புறம் சொல்றேன்.”

இந்த வழிகாட்டி வேலை அவர் தேடிப் போனதல்ல. நடைபாதைக்கான உதவித்தொகையோடு கூடவே ஒரு விதியும் வந்தது: கரையை நன்கறிந்த உள்ளூர்க்காரர் ஒருவரின் மேற்பார்வையில் வேலை நடக்க வேண்டும். தலைவர் அதைக் காப்பிக்கடையில் வாசித்துக் காட்டியபோது கடையில் இருந்த அத்தனை விரலும் ஜன்னலோர நாற்காலியை நோக்கி நீண்டது. அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் யாக்குமிஸ் முப்பது வருடமாக, “இந்தக் கரையில எனக்குத் தெரியாத கல்லு ஒண்ணு இருந்தா, அது நேத்து ராத்திரி விழுந்ததா இருக்கும்” என்று சொல்லி வந்தார். அந்த நேரம் பார்த்துப் பொலிக்ஸேனி காப்பித்தூள் வாங்க வந்து நின்றாள். மறுப்பதற்கு இருந்த அந்த ஒரு நிமிடமும் அப்படிப் போயிற்று.

அவருக்குக் கரை தெரியும் என்பது உண்மைதான். கடலிலிருந்து தெரியும். புனித சவ்வாஸ் சிற்றாலயத்தின் சிலுவையும் கழுதைக் கழுத்து முனையின் விளிம்பும் ஒரே கோட்டில் வந்தால் அங்கே வலை போடலாம். பாதிரித்தொப்பிப் பாறை, இரட்டைச் சகோதரிகள் என்கிற ஜோடிப் பாறைகளை மறைத்தால் அடியில் மண், மறைக்காவிட்டால் கல், வலை கிழியும். கண்ணைக் கட்டிப் படகில் உட்கார வைத்தாலும் எந்தக் குடாவில் இருக்கிறோம் என்று அலைச் சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார். ஆனால் பாறைக்கு முதுகு உண்டு என்பது அவர் யோசித்தே பார்த்திராத விஷயம். நடந்து போவதென்பது லித்தாரியில் படகும் பழுதாகி, மொபெட்டும் பழுதாகி, மச்சானோடு பேச்சுவார்த்தையும் இல்லாதவன் செய்கிற காரியம்.

ஆனாலும் யாக்குமிஸ் பெரிதாகக் கவலைப்படவில்லை. புள்ளிகள் இருந்தன. பாதை நெடுகச் சிவப்புப் புள்ளி போட வேண்டும் என்பதும் விதி. அந்தப் புள்ளிகளைப் போட்டவரே அவர்தான். செத்துப்போன மனைவியின் தம்பி சிதேரிஸைக் கூட்டிக்கொண்டு, மூன்று நாள் படகில் கரையைச் சுற்றினார். அவர் சுக்கானைப் பிடித்துப் பாறையை உரசுவதுபோலக் கொண்டுபோய் நிறுத்துவார். சிதேரிஸ் படகின் மூக்கில், முன்னணியத்தில் நின்று, நீளக் கம்பில் கட்டிய பிரஷ்ஷால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம் போடுவான். பின்னால் நகர்ந்து பார்ப்பார்கள். அற்புதமாகத் தெரியும். நூற்றுப் பதினான்கு புள்ளிகள். மூன்றாம் நாள் தலைவரே உயிர்காப்பு அங்கி மாட்டிக்கொண்டு படகில் வந்து ஒவ்வொன்றாக எண்ணினார். ‘பாதை முழுவதும் நேரில் நடந்து பார்வையிடப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பழைய ஞாபகத்தில் முத்திரையை இரண்டு தடவை குத்தினார்.

யாரும் எந்தத் தவறும் செய்ததாக நினைக்கவில்லை. அதில் வியப்பும் இல்லை. லித்தாரியில் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது கடலுக்குக் காட்டும் முகத்துக்கு மட்டும்தான்; பின்சுவரை மழை பார்த்துக்கொள்ளும். சிற்றாலயங்களும் அப்படியே. கப்பலில் வருகிறவன் பார்த்து, ஆகா என்று சொல்ல வேண்டும். மலைப்பக்கமிருந்து பார்க்க யார் இருக்கிறார்கள், ஆடுகளைத் தவிர?

ரிப்பன் வெட்டுப்பட்டது. ஊர்வலம் கிளம்பியது.

துறைமுகச் சுவரில் இரண்டு புள்ளிகள் பளிச்சென்று நின்றன. துணை ஆளுநர் அவற்றோடு தனித்தனியாகப் படம் எடுத்துக்கொண்டார். கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் அசங்காமல் கிடந்தது. சுவர் இடுக்குகளில் கேப்பர் செடிகள் மொட்டு விட்டிருந்தன. ஐம்பது ஜோடிக் கால்கள் காட்டு ஓமத்தை மிதித்துப்போக, கரையே சமையலறை மாதிரி மணத்தது. யாக்குமிஸ் முன்னால் நடந்தார். கீச், கீச். பின்னால் பாதிரியார் அங்கியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இவ்வளவு அழகை வைத்துக்கொண்டு காப்பிக்கடையிலேயே கிடக்கிறோமே என்று எல்லோருக்குமாகச் சேர்த்துப் பெருமூச்சு விட்டார். யாக்குமிஸுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இது ஒன்றும் அவ்வளவு கஷ்டமில்லை என்று பட்டது.

கழுதைக் கழுத்து முனையைத் தாண்டினார்கள். அடுத்த புள்ளி இல்லை.

கொஞ்சம் தள்ளி இருக்கும் என்று நடந்தார். இல்லை. இங்கே ஒன்று போட்டோமே, சிதேரிஸ் பெயிண்டைத் தன் கால்மேல் கொட்டிக்கொண்ட இடமல்லவா இது? மெல்லப் பாறை விளிம்புக்குப் போய், காட்சியை ரசிக்கிறவர்போல் இடுப்பில் கைவைத்து எட்டிப் பார்த்தார்.

மூன்று ஆள் ஆழத்தில் இருந்தது புள்ளி. வட்டமாக, சிவப்பாக, ஒரு குறையும் இல்லாமல். ஊர்வலத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி கடலையே பார்த்துக்கொண்டிருந்தது.

யாக்குமிஸுக்கு மீதி நூற்றுப் பதினொன்றும் ஒரே நொடியில் மனக்கண்ணில் வந்துபோயின. எல்லாமே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தன.

தலைவர் அவசரமாக வந்து பக்கத்தில் நின்றார். மேடைப் பேச்சு இறங்கி வீட்டுப் பேச்சு ஏறியிருந்தது. “புள்ளி எங்கய்யா?”

“இருக்கு.”

“எங்க?”

“கீழ.”

தலைவர் எட்டிப் பார்த்தார். “நான் பார்த்தப்ப நேரா என்னையத்தானய்யா பார்த்துச்சு!”

“நீங்க படகுல இருந்தீங்க தலைவரே.”

“நான் எங்க இருந்தேன்னு எனக்குத் தெரியாதா?” சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நடந்து பார்த்தேன்னுல்ல எழுதிக் குடுத்திருக்கேன். சரி, உனக்குத்தான் பாதை தெரியுமே. புள்ளியும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம். நட.”

யாக்குமிஸ் நடந்தார். வேறென்ன செய்வது?

முன்னால் பாதை இரண்டாகப் பிரிந்தது, இரண்டும் மும்மூன்றாகப் பிரிந்தன. ஆடு போட்ட தடங்கள். ஆடு எங்கேயும் போய்ச் சேருவதற்காக நடப்பதில்லை. ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்கு நடக்கிறது. ஆகவே அந்தத் தடங்கள் ஒவ்வொன்றும் மிக உறுதியோடு தொடங்கி, ஒரு முட்புதரின் முன்னால் நின்றுபோயிற்று. யாக்குமிஸ் ஒவ்வொரு பிரிவிலும் அரை நொடி நின்று, மூக்கை உயர்த்தி, காற்றை முகர்வதுபோல் செய்து, ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அந்த மூக்கு துணை ஆளுநருக்கு மிகவும் பிடித்துப்போனது.

“குறி ஏதோ போட்டிருக்கிறதா சொன்னாங்களே கேப்டன்?”

“அதெல்லாம் வெளியூர்க்காரங்களுக்கு ஐயா. கூட நான் இருக்கையில உங்களுக்கு எதுக்கு?”

பின்னால் யாரோ இருமினார்கள். பொலிக்ஸேனிக்கு இருமல் வந்து அவர் பார்த்ததே இல்லை.

அவள் எப்போது முன்வரிசைக்கு வந்தாள் என்று தெரியவில்லை. தலையில் வெயிலுக்குக் கட்டிய துணி, காலில் தேய்ந்த துணிச்செருப்பு, கையில் அவிழ்த்த ஒரு பொட்டலம் காய்ந்த அத்திப்பழம். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, கடல்பக்கம் குவிந்து கிடந்த ஒரு சாம்பல்நிறப் பாறையைக் காட்டினாள். “கேப்டன், அந்தக் கல்லுக்கு என்ன பேரு?”

யாக்குமிஸ் பார்த்தார். அவர் வாழ்நாளில் கண்டிராத பாறை. மாவு மூட்டை சரிந்து விழுந்த மாதிரி இருந்தது. பேர் வைக்கத் தோன்றும் லட்சணம் எதுவும் அதில் இல்லை.

“அது... அது சும்மா ஒரு கல்லு.”

“நேத்து ராத்திரி விழுந்துச்சோ?”

பின்னால் நான்கைந்து பேர் சிரித்தார்கள். இருபது அடி தாண்டித் திரும்பிப் பார்த்தபோதுதான், ஒரு ஓரத்திலிருந்து அது என்னவென்று புரிந்தது: பாதிரித்தொப்பி. நாற்பது வருடம் அவருக்கு மீன் காட்டிக்கொடுத்த பாறை. முதுகுப் பக்கமாய் வந்ததால் முகம் தெரியாமல் போய்விட்டது. சொல்லலாமா என்று வாயைத் திறந்தார். பொலிக்ஸேனி அத்திப்பழக் காம்பைத் துப்பிவிட்டு, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூடிக்கொண்டார்.

ஒரு மணி நேரம் போயிற்று. துணை ஆளுநரின் கால்சட்டை முள்ளில் மாட்டி முழங்காலுக்குக் கீழே ஜன்னல் வைத்திருந்தது. செயலாளர் பெண் செல்போனுக்குச் சிக்னல் தேடி, கையை வானத்துக்கு நீட்டியபடியே நடந்தாள். தடங்கள் எல்லாம் மெல்ல மெல்லச் சேர்ந்து, அகன்று, நிஜமான பாதைபோல் ஆனபோது யாக்குமிஸ் உள்ளுக்குள் புனித சவ்வாஸுக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டார். பாதை ஒரு கல்சுவர் இடைவெளியில் நுழைந்தது. இடைவெளிக்குக் கதவாகப் பழைய இரும்புக் கட்டிலின் தலைப்பலகை கயிற்றால் கட்டியிருந்தது. அவிழ்த்தார். பெருமிதத்தோடு கையை வீசி எல்லோரையும் உள்ளே அழைத்தார். ஐம்பது பேரும் நுழைந்தார்கள். கடைசியாக வந்த பாதிரியார், திறந்த கதவைத் திறந்தபடி விடக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர், பொறுப்பாக இழுத்துக் கட்டினார்.

மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை. நடுவில் நாற்பது ஆடுகள், மெல்லுவதை நிறுத்திவிட்டு, விருந்தாளிகளைப் பார்த்தன.

“வாங்க வாங்க,” என்றாள் பொலிக்ஸேனி. “என் பட்டிக்கு இத்தனை பேரு வந்ததே இல்ல. உக்காரச் சொல்லலாம், இடம் பார்த்து உக்காரணும்.”

யாக்குமிஸுக்கு எல்லாம் புரிந்தது. ஆட்டுத்தடம் எங்கே போகும்? வீட்டுக்குத்தான் போகும். இவள் முதல் பிரிவிலேயே தெரிந்துகொண்டுதான் அத்திப்பழம் தின்றுகொண்டே வந்திருக்கிறாள்.

தலைவர் அவரைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். இந்த மாதிரி நேரத்தில்தான் முப்பது வருட அரசு அனுபவம் கைகொடுக்கும். “கேளு. இதுதான் பாதையோட முடிவுன்னு சொல்லிருவோம். பாரம்பரிய ஆட்டுப்பட்டி. முன்னோர்கள் இங்கதான் ஓய்வெடுத்தாங்க. பின்னால படி ஏறினா ரோடு, நான் கார் சொல்லிர்றேன். உன் பேரும் தப்பிச்சுது, என் கையெழுத்தும் தப்பிச்சுது. நீ ‘ஆமா’ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

யாக்குமிஸ் பதில் சொல்வதற்குள் தலைவர் ஒரு கல்மேல் ஏறிவிட்டார். “பெருமதிப்பிற்குரிய துணை ஆளுநர் அவர்களே! நம் நடைபாதையின் புகழ்மிக்க இறுதி எல்லையை அடைந்துவிட்டோம்! மூவாயிரம் ஆண்டுகளாக...”

துணை ஆளுநர் முகத்தில் நிம்மதி பரவியது. ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருக்கும்போலிருக்கிறது என்று ஒன்றிரண்டு தலைகள் ஆடின. “...என்பதை நம் கேப்டனே உறுதிப்படுத்துவார்!”

எல்லோரும் யாக்குமிஸைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை. அவர் சொன்ன பொய்களிலேயே மிகச் சின்னது. யாரும் கண்டுபிடிக்க வழியே இல்லாதது. ஜன்னலோர நாற்காலி அவருக்காகக் காத்திருந்தது. பொலிக்ஸேனி ஒரு ஆட்டின் காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவரைப் பார்க்கவில்லை. ஆனால் சொறிகிற கை நின்றிருந்தது.

“இல்ல,” என்றார் யாக்குமிஸ்.

தொப்பியைக் கழற்றினார். நெற்றியில் அது பதித்திருந்த கோடு தெரிந்தது. “இது முடிவும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது ஆட்டுப்பட்டி. வழி தப்பிட்டேன். தப்புறதுக்கு வழி தெரிஞ்சிருக்கணும்ல, அதுவும் தெரியாது. நான் இந்தப் பாதையில என் வாழ்நாள்ல நடந்ததே கிடையாது. எல்லாத்தையும் படகுல இருந்து பார்த்ததுதான். புள்ளியையும் படகுல இருந்துதான் போட்டேன். அத்தனையும் கடலைப் பார்த்துட்டு நிக்குது. மீனுங்க நடக்க ஆரம்பிச்சா ரொம்பப் பிரயோசனமா இருக்கும்.”

ஆடு ஒன்று தும்மியது.

முதலில் பேசியவர் பாதிரியார். “நானும் நடந்ததில்லப்பா,” என்றார், அவரிடம் ஊர் பாவமன்னிப்புக் கேட்கும் அதே குரலில். “சவ்வாஸ் கோயிலுக்கு விளக்கேத்தப் படகுலதான் போறேன். கால்வலியோட நடந்தே போறேன்னு பிரசங்கத்துல சொல்லியிருக்கேன். ரெண்டு வருஷமா.”

“அதுக்குத்தான சாமி என் பொண்டாட்டி உங்களுக்குத் தைலம் குடுத்தா!” என்றார் காப்பிக்கடைக்காரர். பிறகு, ஏதோ தன் முறை வந்துவிட்டதுபோல், தானும் கழுதைக் கழுத்துக்கு அந்தப்பக்கம் இன்றுதான் முதல்முறை என்றார். பள்ளிக்கூட ஆசிரியை, தன் ‘நம் தீவை அறிவோம்’ பாடம் முழுவதும் ஒரு தபால் அட்டையைப் பார்த்து எழுதியது என்றாள். இப்படியே ஆளுக்கு ஆள் போயிற்று. ஒவ்வொருவரும் மற்ற எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்து இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். கடைசியில் எல்லோரும் பொலிக்ஸேனி பக்கம் திரும்பினார்கள். தினம் இந்தப் பட்டிக்கு வருகிறவள்.

“என்னை ஏன் பார்க்கிறீங்க? நான் மேல ரோட்டுல மொபெட்டுல வந்து இறங்குறவ. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு ஆட்டைத்தான் கேக்கணும்.”

துணை ஆளுநர்கூடத் தன் பங்குக்கு, சிறுவயதிலிருந்தே நடைப்பயணப் பிரியர் என்று தன் உரையில் வரும் வரியை எழுதியது செயலாளர்தான் என்றும், தான் ரொட்டிக்கடைக்கே காரில் போகிறவன் என்றும் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு தெரிவித்தார். தலைவர் மட்டும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. நிழல் தேடி நகர்ந்தார்.

சிரிப்பு எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. பட்டியே குலுங்கியது, ஆடுகள் மிரண்டு ஒரு மூலையில் ஒண்டின. அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் கீழே கடலிலிருந்து ஒரு குரல் வந்தது.

“எங்கடா போய்த் தொலைஞ்சீங்க எல்லாரும்? சாப்பாடு ஆறுது!”

சிதேரிஸ். எல்லோருக்குமான மதியச் சாப்பாட்டை ஏற்றிக்கொண்டு, கடைசிக் குடாவில் காத்திருந்து பார்த்துவிட்டுப் படகைத் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறான்.

யாக்குமிஸ் சுவர்மேல் ஏறிக் கைகளை வாயருகே குவித்தார். “மச்சான்! வழி தெரியல!”

“என்ன மச்சான் சொல்றீங்க? புள்ளி வரிசையா கண்ணு முன்னால நிக்குது!”

“உன் கண்ணு முன்னால நிக்குதுடா! எங்களுக்குச் சொல்லு!”

அப்படித்தான் மீதி நடை நடந்தது. படகு கரையோரமாக ஊர்ந்தது. அதிலிருந்து சிதேரிஸ் கத்தினான். மேலே ஐம்பது பேர் சுவரைத் தாண்டி, அவன் குரலைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

“இடது பக்கம்! இடது!”

“உனக்கு இடதா, எங்களுக்கு இடதா?”

“சாப்பாடு இருக்கிற பக்கம்!”

பாதிரியார் வலதில் போனார், கூப்பிட்டுத் திருப்பினார்கள். ஒரு சரிவில் துணை ஆளுநரை உட்கார வைத்தே இறக்கினார்கள். காப்பிக்கடைக்காரர் முன்னாலிருந்து இழுக்க, ஆசிரியை பின்னாலிருந்து தள்ள, அவர் தன் அரசியல் வாழ்க்கையில் முதன்முறையாக மக்களின் தோளில் கை வைத்தார். யாக்குமிஸின் ஷூ ஒன்று சரளையில் வாய் பிளந்தது. இரண்டையும் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். கால்கள் உடனே சமாதானமாயின.

குடாவில் ஆக்டோபஸும் மக்ரோனியும், வறுத்த சுரைக்காயும், பார்லி ரஸ்க்கும், பொலிக்ஸேனியின் பாலாடைக்கட்டியும் பாறைமேல் விரிக்கப்பட்டன. ஐந்து நிமிடத்தில் பாதி காலியானது. செயலாளர் பெண்ணுக்கு அங்கேதான் சிக்னல் கிடைத்தது. நடைப்பயணம் மாபெரும் வெற்றியோடு நிறைவடைந்தது என்ற செய்திக்குறிப்பு காலை எட்டரைக்கே, ரிப்பன் வெட்டும் முன்பே, போய்விட்டிருந்தது என்று அவள் மெல்லச் சொன்னாள். துணை ஆளுநர் மக்ரோனியை விழுங்கிவிட்டு, நல்லதாகப் போயிற்று என்றார்.

மூன்றாவது கோப்பைத் திராட்சை மதுவுக்குப் பிறகு தலைவர் எழுந்தார். கல் ஒன்று தேடி ஏறினார். இவ்வளவு நேரம் நிழலில் உட்கார்ந்து அவர் சும்மா இருக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

“பெருமதிப்பிற்குரிய துணை ஆளுநர் அவர்களே! நடைபாதைகள் எங்கும் உண்டு. ஆனால் கடலிலிருந்து வழிகாட்டப்படும் நடைபாதை உலகில் எங்கேனும் உண்டா? நம் புள்ளிகள் ஏன் கடலைப் பார்க்கின்றன? நாம் கடலின் மக்கள் என்பதால்! நன்கு ஆலோசித்து எடுக்கப்பட்ட இந்த முடிவு...”

துணை ஆளுநர் இந்த முறை பத்து விரலாலும் தட்டினார். செயலாளர் பெண் எழுதிக்கொண்டாள். யாக்குமிஸ் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். தான் முப்பது வருடமாகச் செய்தது எல்லாம் வெறும் பொழுதுபோக்கு. தொழில் என்றால் இதுதான்.

திரும்பிப் போக யாரும் நடையைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. சிதேரிஸ் நான்கு நடையாகப் படகில் ஏற்றிப் போவதாக ஏற்பாடு. மூன்று நடை போய், கடைசி நடையில் தலைவரும் விருந்தாளிகளும் ஏறியபோது பொலிக்ஸேனி பாத்திரங்களைத் துணியில் முடிந்து படகில் கொடுத்துவிட்டுக் கரையிலேயே நின்றுகொண்டாள்.

“ஏறலையா அக்கா?” என்றான் சிதேரிஸ்.

“பால் கறக்கணும். நடந்தே போயிர்றேன்.”

சிதேரிஸ் தன் மச்சானைப் பார்த்தான். பிறகு படகில் இடமே இல்லை என்பதுபோல் காலை அகட்டி நின்றுகொண்டான். பொலிக்ஸேனி ஏற ஆரம்பித்துவிட்டாள். யாக்குமிஸ் ஷூவைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு கீழே நின்றார்.

“நானும் வரட்டுமா?”

அவள் திரும்பாமலே கேட்டாள். “பட்டிக்கு வழி தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப வா.”

ஏறினார்கள். அவள் முன்னால், அவர் பின்னால், மூச்சு வாங்க. எந்தத் திருப்பத்திலும் அவர் மூக்கை உயர்த்தவில்லை. இரண்டு இடத்தில் அவளும் தவறான தடத்தில் போய்த் திரும்பி வந்தாள். இரண்டாவது தடவை அவர் சிரித்துவிட்டார். “நீ வாயை மூடு,” என்றாள். அது கோபம் மாதிரி இல்லை. ஈஸ்டர் விஷயத்தைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

உச்சியில் பாறை விளிம்பில் நின்றபோது கீழே படகு போய்க்கொண்டிருந்தது. யாக்குமிஸ் அந்தப் படகை மேலிருந்து பார்த்ததே இல்லை. அதன் நடுவயிறு இவ்வளவு அகலமா? முன்னணியத்தில் தலைவர் நின்று கைகளை உயர்த்தி உயர்த்தி இறக்கிக்கொண்டிருந்தார். சத்தம் மேலே வரவில்லை. சுக்கானருகே சிதேரிஸ், எப்போதும் கழற்றாத கம்பளித் தொப்பியை வியர்வை துடைப்பதற்காகக் கழற்றினான். வெயிலில் அவன் உச்சந்தலை வழித்துத் துடைத்த தட்டுபோல் பளபளத்தது. ஒரு முடி இல்லை.

“ஏய், பொலிக்ஸேனி, இங்க வந்து பாரேன். இருபது வருஷமா எதிர்லதான் உக்கார்ந்திருக்கான். எனக்குத் தெரியவே தெரியாது!”

“எங்க, எங்க?” அவள் ஓடி வந்தாள். அவர் சட்டையின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, தலைத்துணி காற்றில் படபடக்க, பாதி உடம்பு வெளியே தொங்க எட்டிப் பார்த்தாள். அவர் காலை ஊன்றிக்கொண்டு நின்றார். படகு முனையைச் சுற்றி மறைந்தது. வெறும் தண்ணீரில் அது கீறிவிட்டுப்போன கோடு மட்டும் மெல்ல மெல்ல அகன்றுகொண்டிருந்தது. அவர் சட்டையைப் பிடித்த பிடியை விடாமல் அவள் இன்னும் எட்டிப் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.